அண்ணன் இந்தியர், நான் யார்?

தென் மாவட்டம் ஒன்றில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கம் பிறந்து, சிறுவனாக இலங்கையின் பண்டாரவளைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். வாசகியின் அப்பா 1960இல் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். 1975இல் தாத்தா ‘இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து’, அதாவது இந்தியக் குடியுரிமைக்கு மனுக் கொடுத்து, பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். சேமலாப நிதிப் பணம் (தோட்ட வேலைக்கான பி.எஃப்.) கைக்கு வரட்டும் என்று காத்திருந்ததில் பயணம் தள்ளிப்போனது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1985இல் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவானார்கள். அண்ணன் பிறந்தது 1987 மார்ச்சில். வாசகி பிறந்தது 1989 நவம்பரில். பி.காம். படித்து, கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். கணவர் பக்கத்து ஊர்க்காரர், இந்தியக் குடிமகன். 2014இல் பிறந்த ஒரு மகள் இருக்கிறாள். அப்பா காலமாகிவிட்டார்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. “ஒரே வயிற்றில் பிறந்தோம். முகாமில் ஆள் எண்ணும் ஒரே தணிக்கை வரிசையில் நின்றோம். அவன் இந்தியன் என்றால் நான் யார்?” என்று கேட்கிறார். ஆதார் இருக்கிறதே, வாக்காளர் அட்டைக்கும் மனுப் போடு என்கிறார் கணவரின் நண்பர். இந்துக்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்ததே, அதில் நாங்கள் வரமாட்டோமா என்று ஒரு கேள்வி. மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று இன்னொன்று. கடைசியில் இப்படி முடிக்கிறார்: “ஐந்தாம் வகுப்பில் ‘என் தாய்நாடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்து, ‘நீ இலங்கையைப் பற்றி எழுதும்மா’ என்றார். நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று சட்டம் பதில் சொல்ல வேண்டியது. மற்றது அந்த வெறும் தாள். வழக்கறிஞர் என்பதால் முதலாவதில் தொடங்குகிறேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்றாலும், சொல்லாமல் விட மாட்டேன்.

ஒரே வீடு, இரண்டு சட்டம்

இந்தியாவில் பிறந்தவர் இந்தியர் என்று நீங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதலில் அப்படித்தான் சொன்னது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் போதும். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் தவிர, பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. 1986இல் அதைத் திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறப்பவர்களுக்கு, பிறக்கும் நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. அந்தத் திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. ஆகவே உங்களைப் போன்ற குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே உங்களைக் கணக்கில் வைத்துத்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள்.

உங்கள் அண்ணன் அந்தக் கதவு சாத்துவதற்கு மூன்று மாதம் முந்தி வந்துவிட்டார். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அவர் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அவருக்கும் இதே தேதிதான் துணை. அண்ணன் வழியாக இந்த உரிமை தங்கைக்கு வராது. அவரிடம் நீங்கள் ஒரு மாதமாகச் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. அவரிடம் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கையெழுத்துப் போடக் கூடாத இடம்

ஆதார் வசிப்பிடத்துக்கும் அடையாளத்துக்குமான எண். அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று ஓர் உறுதிமொழி இருக்கும். அது உண்மையில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால், 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. தண்டனையைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நீங்கள் நேர்மையாக ஒரு மனுவோடு நீதிமன்றம் போகும்போது, எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அந்தப் படிவமாகத்தான் இருக்கும். கணவரின் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இலவச ஆலோசனைக்கு விலையை வேறு யாரோதான் கட்டுவார்கள்.

நீங்கள் கேட்ட 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். நீங்கள் இந்துவா இல்லையா என்ற கேள்வி வருவதற்கு முன்பே, நாட்டின் பெயரிலேயே பட்டியல் முடிந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்கான நடவடிக்கையிலிருந்து அது விலக்குத் தருகிறது. முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் அது இங்கே இருப்பதற்கான பாதுகாப்புதான். குடியுரிமைக்கு அதில் இடமில்லை.

அப்பாயியின் தகரப் பெட்டி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அசோகச் சின்னம் போட்ட அந்தப் பழைய பாஸ்போர்ட்டை அப்பாயி இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.” எதற்கென்று நான் சொல்கிறேன். உங்கள் ஆறு பக்கத்தில் சட்டத்தின் கண்ணுக்குப் பெரிய செய்தி அந்த ஒரு வரிதான்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களை இந்தியத் தூதரகம் குடிமக்களாகப் பதிவு செய்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் கொடுத்தது. இந்த இடத்தைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. உங்கள் தாத்தா கப்பலேறியிருந்தால்தான் இந்தியர் ஆகியிருப்பார் என்பதில்லை. பதிவானபோதே ஆகிவிட்டார்.

தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் டான்டீ எனும் தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் வேலை கிடைத்தது அவர்களில் பலருக்கு. 1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனது. அடுத்த ஆண்டு படகில் வந்த உங்கள் குடும்பத்துக்கு ‘அகதி’ என்று பெயர். ஊர் ஒன்று, தோட்டம் ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் பாஸ்போர்ட்கூட ஒன்று. மண்டபத்தில் பேர் எழுதியவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. உயிர் தப்பி வந்தவர்களுக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1975இல் உங்கள் அப்பாவுக்குப் பதினைந்து வயது. மைனர் பிள்ளைகளைப் பெற்றோரின் மனுவிலேயே சேர்த்துப் பதிவு செய்வதுண்டு. அப்படி அவர் பெயரும் பதிவாகியிருந்தால், 1989 நவம்பரில் நீங்கள் பிறந்தபோது உங்கள் தந்தை இந்தியக் குடிமகன். தந்தை குடிமகன் என்றால் நீங்கள் பிறப்பால் குடிமகள். யாரும் உங்களுக்குக் குடியுரிமை ‘வழங்க’ வேண்டியதில்லை. இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவசரப்பட்டு அண்டை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். இதில் இடறும் கற்கள் இருக்கின்றன. அப்பாவின் பெயர் அதில் இல்லாமலேயே போகலாம். பாஸ்போர்ட் வலுவான சான்றுதான் என்றாலும், மூலம் குடியுரிமைப் பதிவுதான். அதைத் தேடி எடுக்க வேண்டும். பிற்காலத்தில் அப்பா தாமாக விரும்பி இலங்கைக் குடியுரிமை பெற்றிருந்தால், சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை அன்றே முடிந்துபோயிருக்கும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர் எப்போதாவது ஏதாவது பதிவு செய்தாரா, எந்த ஆண்டில் என்பதை அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் பிறந்த பிறகு செய்திருந்தால், அதைக் கொண்டு உங்கள் பிறப்புரிமையைப் பறித்துவிட முடியாது என்று வாதாடலாம்.

முகாம் பதிவேட்டில் ‘இலங்கை நாட்டவர்’ என்று இத்தனை ஆண்டு எழுதியிருக்கிறதே என்று பயப்படுவீர்கள். குடியுரிமை மூன்று வழிகளில்தான் போகும்: தானே துறப்பது, வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவது, அரசு முறைப்படி ஆணையிட்டுப் பறிப்பது. முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறைப் பிரிவான கியூ பிராஞ்சின் பதிவேட்டில் ஒருவர் தவறாக எழுதியது இந்த மூன்றில் எதுவும் ஆகாது. அதே சமயம், அந்தப் பதிவு தவறு என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

அண்ணனுக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். 1975ஆம் ஆண்டுப் பதிவின் நகலைத் தேடித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். குடிமக்கள்தான் அந்த மனுவைப் போட முடியும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் போட்டால் முதல் வரியிலேயே தகராறு. அண்ணன் போடட்டும், பேரன் என்ற முறையில். பாஸ்போர்ட் எண்ணும் வழங்கிய இடமும் தேதியும் மனுவில் இருக்க வேண்டும்.

மகள்

2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ ஆக இருக்கக் கூடாது. உரிய பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பது அதற்கான இலக்கணம். உங்களைப் பொறுத்தவரை அந்த வாக்கியத்தில் ‘நுழைந்த’ என்ற சொல்லே பொருந்தாது. நீங்கள் எங்கேயிருந்தும் நுழையவில்லை, அரசு மருத்துவமனையில் பிறந்தீர்கள். நீதிமன்றத்தில் நின்று சொல்லத்தக்க வாதம் இது. ஆனாலும் பதினொரு வயதுக் குழந்தையின் குடியுரிமையை ஒரு வாதத்தின் மேல் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, வேறு வழி இருக்கும்போது.

ஆகவே பாஸ்போர்ட் மனுவைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். இப்போது அவள் வெளிநாடு போகும் தேவை எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. உங்கள் நிலை தெளிவானால் அவளுடையது தானாகத் தெளிவாகும்: தாய் தந்தை இருவருமே குடிமக்கள் என்றால் விவாதமே இல்லை. எப்போது மனுப் போட்டாலும், தாயைப் பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்துப் பெறும் பாஸ்போர்ட்டைப் பிறகு முடக்கவும் வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மற்ற கதவுகள்

திருமணத்தின் வழியாக, ஏழாண்டு வசிப்பைக் காட்டிப் பதிவு கேட்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். 5ஆம் பிரிவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ என்ற அதே முள் அங்கேயும் இருக்கிறது. இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை அவர்கள் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் குடியுரிமையைத் தானே எடுத்து வழங்கவில்லை. தாத்தா துறையூரில் பிறந்தவர் என்பதால் நீங்கள் ‘இந்திய வம்சாவளி’ ஆகிவிடுவீர்கள் என்றும் நம்ப வேண்டாம். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தது நீங்களோ உங்கள் பெற்றோரோவாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தாத்தா வரை அது போவதில்லை.

இலங்கைக் குடியுரிமைக்கும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், எதுவும் இல்லாததற்கு அது மேல் என்று முகாமில் சிலர் சொல்வார்கள். அங்கே போய் வாழ முடிவெடுத்தவர்களுக்கு அது சரியான வழி. மலையகத்தாருக்கு இலங்கை 2003இலும் 2009இலும் சட்டம் இயற்றி வழியும் விட்டிருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். நீங்கள் பிறப்பால் இந்தியர் என்று நிரூபிக்கப் போகும் நேரத்தில், உங்கள் கையாலேயே அதை முறித்துக்கொண்டதாகிவிடும். பெட்டியைப் பார்த்த பிறகு, வேறு வழியே இல்லையென்றால் அதை யோசிக்கலாம்.

வழக்குச் செலவு பற்றித் தயங்கியிருக்கிறீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. உண்மையான விவரங்களோடு பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, அதைக் கொண்டு மதுரைக் கிளையில் ரிட் மனு. உங்கள் வழி ஏறத்தாழ இப்படித்தான் போகும். மனுப் போடுவதற்கு முன்பு காகிதங்களை வழக்கறிஞர் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும், நான் உட்பட, உறுதி சொல்ல முடியாது.

அந்த வெறும் தாள்

பண்டாரவளையில் இருந்தவரை உங்கள் குடும்பத்தை அரசாங்கக் கணக்கெடுப்பு ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியது. இங்கே வந்த பிறகு இங்குள்ள அரசு ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதியது. எந்த மண்ணில் நின்றாலும் அடுத்த மண்ணின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வகுப்பறையில் உங்களுக்கு எழுத வராததில் எனக்கு வியப்பில்லை. டீச்சர்மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேலும் இரக்கம்தான் வருகிறது. பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொல்லியிருக்கிறார், வகுப்புக்குக் கேட்காமல். அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

குடியுரிமை வழக்குகளில் வருகிறவர்களிடம் நான் ஒன்று கவனித்திருக்கிறேன். தாங்கள் எவ்வளவு இந்தியர் என்று என்னிடம் நிரூபிக்கப் பார்ப்பார்கள். கிரிக்கெட்டில் யாருக்குக் கைதட்டினோம், கொடியேற்றத்தில் எப்படி நின்றோம் என்றெல்லாம் சொல்வார்கள். நீங்களும் ஒரு பக்கம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அதைக் கேட்பதே இல்லை. ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு முத்திரை, இவ்வளவுதான் கேட்கும். அதனால் அந்தப் பக்கத்தை மனுவில் சேர்க்காதீர்கள். இலங்கை ஜெயித்தபோது அப்பா முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து உங்களுக்கும் சிரிப்பு வந்ததாக ஒரு வரி இருக்கிறதே, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். வழக்கு ஜெயித்தாலும் அந்தச் சிரிப்பு போகாது, தோற்றாலும் நீங்கள் பேசும் ஊர்ப் பேச்சு மாறாது.

அப்பாயிக்கு எண்பத்தைந்து வயது என்றீர்கள். அதனால் இந்த வாரமே போங்கள். பாஸ்போர்ட்டை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். பழைய தாள் என்பதால் பிரிக்கும்போது கவனம் வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் உறையிடவும் வேண்டாம். வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், வெற்றுப் பக்கங்களையும் விடாமல். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுத ஒரு பக்கம் உண்டு. அதில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மனுவை யார் எழுதிக் கொடுத்தார், எந்த ஊர் அலுவலகத்துக்குப் போனார்கள், போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போனார்களா என்று அப்பாயியிடம் கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.